பதினாறாவது சேனல்

எமரால்டு துணைமின் நிலையத்தில்
ரிலே காட்டும் தேதி
தொண்ணூற்று நாலு, ஜனவரி ஒன்று.
பேட்டரி சாகும்போதெல்லாம் அங்கே திரும்பிப்போய்
அங்கிருந்தே மறுபடி எண்ணத் தொடங்குகிறது.
அதன் கணக்கில் நான் இன்னும் இரண்டாம் வகுப்பு.

மூன்று வாரமாக, விடியும் முன்,
இத்தலார் ஃபீடர் விழுகிறது.
கம்பம் கம்பமாக நடந்து பார்த்துவிட்டார்கள்.
சாய்ந்த சீகை மரம் இல்லை,
செத்த காக்கை இல்லை.
வெயில் வந்தபின் போட்டால் நிற்கிறது,
ஒன்றுமே நடக்காததுபோல்.

"பதிவு இருக்குமே?"
"இருக்கு மேடம், எட்டு" என்றார் போஜன்.
எட்டும் தேயிலை ஆலையினுடையவை.
இலை வாட்டும் விசிறி கிளம்பும்போதெல்லாம்
வோல்டேஜ் கொஞ்சம் குனியும்;
ரிலே பதறிப்போய் ஒரு பக்கம் எழுதும்.
ஒன்பதாவது வந்தால் முதலாவது போய்விடும்.
நாலு மணிக்கு நடந்ததை
எட்டு மணி விசிறிகள் தின்றிருந்தன.

தொண்ணூறு சதவீதம் என்று யாரோ வைத்தது.
எழுபதாக்கினேன்.
பூமிக்குப் போகும் மின்னோட்டம் இருபது ஆம்பியர் தொட்டால் பதி.
பிரேக்கர் திறந்தால் பதி.
விழுந்தபின் ஒரு விநாடி போதும்.
விழும் முன்?
பூஜ்யம் என்று இருந்தது.
அறை வாங்கியபின் கண் திறக்கிற பழக்கம்.
முந்நூறு மில்லிவிநாடி கொடுத்தேன்,
பதினைந்து அலை,
ஒரு இமைப்பு.

பிறகு சேனல்களுக்குப் பெயர்.
மூன்று மின்னோட்டம், மூன்று வோல்டேஜ்,
ட்ரிப், பிரேக்கர், சுருளின் ஆரோக்கியம்...
பதினைந்து முடிந்தது.
பதினாறில் ஒயரே இல்லை,
பெயரில்லாமல் விட்டால் சேமிக்க மாட்டேன் என்கிறது கணினி.
"மஞ்சுன்னு போடுங்க" என்றார் போஜன்,
ஜன்னலைப் பார்த்தபடி.
அவர் பேச்சில் அது பனிமூட்டம்.
போட்டேன். கைப்பேசியைப் பார்த்துக் கடிகாரத்தையும் திருத்தினேன்.

இரவு அங்கேயே.
வேலியோரம் ஒரு காட்டெருமை
மூச்சுவிடும் சத்தம் மட்டும்.
நாலு பன்னிரண்டுக்கு பிரேக்கர் அடித்தது;
என் தேநீர் முழங்காலில்.

திரையில் பி ஃபேஸ்:
ஆறு அலை வழவழவென்று.
ஏழாவதின் உச்சியில் ஒரு முள்.
அடங்கிவிட்டது.
பதினொன்றில் மறுபடி, அதே உச்சியில்.
அதுவும் அடங்கியது.
பதினாலில் கொஞ்சம் பெரிதாக.
அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறது.
மூன்று முறை தானாக எழுந்து நின்றதை
இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை.

ரிலே சொன்ன தூரம் ஐந்தே முக்கால் கிலோமீட்டர்.
நாற்பத்தேழாம் கம்பம்.
பீங்கானில் மயிரிழை விரிசல்.
இரவெல்லாம் ஈரம் குடித்து, பத்து மணிக்குக் காய்ந்து
நல்ல பிள்ளையாகிவிடும்.
மாற்றினார்கள். ஃபீடர் இன்றுவரை விழவில்லை.

அறிக்கை கோவைக்குப் போனது.
ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தில்
விரிசலைப் பற்றி ஒரு வரி இல்லை.
'மஞ்சு எனும் சிக்னல் எந்தக் கருவியிலிருந்து பெறப்படுகிறது?
பதிவு முழுவதும் பூஜ்யமாக இருப்பது ஏன்?
உடனடி விளக்கம் தேவை.'

போஜன் இரண்டுமுறை படித்துவிட்டு
கடிதத்தை என்னிடமே தந்தார்.
பதில் எழுத உட்கார்ந்தேன்.
வெளியே, பத்தடி தூரத்து டிரான்ஸ்ஃபார்மர்
தெரியவில்லை.