காடு தொடங்கும் இடம்

பைபஸின் ஈட்டிக்காரன் போன வியாழன் விழுந்தான்.
என் அம்பு அவனைத் தொடவில்லை.
காட்டின் அடிப்பலகை விளிம்பில்
பாதி மேலே, பாதி கீழே
தொற்றிக்கொண்டு நின்றவன்,
நான் தேநீர்க் கோப்பையை வைத்த அதிர்வுக்கே
மல்லாந்துவிட்டான்.

செத்தவன் இல்லை, சரி.
எடுத்து நிறுத்தினால் எங்கே நிறுத்துவது?
காட்டுக்குள்ளா, வெளியிலா?
இருபது நிமிடம்.
அளவுநாடா, விதிப்புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று.
"பேருந்து ஓட்டுகிறவளுக்குக் கோடு தெரியாதா?" என்றார் பைபஸ்.
ஹார்ட்டில்பூலில் அன்று மழை.
நூலக மாடியில் ஆறு பேரும்
பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று காடுகளையும் பையில் போட்டு
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மரங்களைக் குறை சொல்ல முடியாது.
தரைதான்.
நான்கு மில்லிமீட்டர் தடிப்பு,
செங்குத்தான விளிம்பு, ஒரே பச்சை:
சாப்பாட்டுத் தட்டில் காடு பரிமாறியது போல.

கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சீவினேன்.
உப்புத்தாள். தும்மல்.
முதல் காட்டை நானே கெடுத்தேன்:
மேல்பக்கம் மட்டும் பசை தடவியதில்
விடிவதற்குள் நாலு மூலையும்
வானம் பார்த்துவிட்டன.
யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கும்
ஒரு பூச்சு வேண்டுமாம்.
இரண்டாவது காட்டில் புத்தி வந்தது.

சீட்டன் கடற்கரை மணல், ஒரு டப்பா.
அதில் நிலக்கரிப் பொடி கலந்திருக்கும், இருக்கட்டும்.
உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி
அடுப்பில் காயவைத்தேன்.
ரொட்டியா என்று கேட்டு வந்த மார்னி
மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.
ஐந்து நாள் தேயிலைச் சக்கை, உலர்த்தியது,
மரத்தடியில் சருகாகக் கிடந்தது.
பழுப்பு, அதன் மேல் ஈரமில்லாத தூரிகையால்
எலும்பு நிறத்தில் ஒரு வருடல்.

புதன் இரவு சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தேன்.
விளிம்பே இல்லை.
மேசை எங்கே முடிந்தது, மண் எங்கே எழுந்தது,
கண்ணுக்குப் பிடிபடவில்லை.
ஒரு நிமிடம் கர்வமாக இருந்தது.

பிறகு நினைவு வந்தது:
அந்த அசிங்கமான படிதான்
எங்களுக்கு இருந்த ஒரே எல்லை.

பைபஸின் முகம் தெரிந்தது. அளவுநாடாவும்.

பூனை மணல் பையைத் திறந்து
பொடிக்கற்களைப் பொறுக்கினேன்.
காட்டைச் சுற்றி, விரல்நுனி இடைவெளியில்,
யாரோ மேய்ச்சலுக்குப் போனவர்கள்
போட்டுவிட்டுப் போனது போல
கோணல்மாணலாக ஒட்டினேன்.
மணி ஒன்று.

வியாழன். பைபஸ் பேசவில்லை.
ஈட்டிக்காரனைச் சரிவில் நிறுத்தினார்.
நின்றான்.
நான் கோப்பையைக் கொஞ்சம் வேகமாகவே வைத்தேன்.
நின்றான்.
அவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
கற்களை ஒவ்வொன்றாகத்
தொடாமல் விரலால் எண்ணிக்கொண்டு போனார்
காட்டை ஒரு முழுச் சுற்று.

"வடக்குப் பக்கம் ஒரு கல் குறைகிறது" என்றார்.