கட்டுரையில் ஒரு குண்டு

டயர் மாற்றும்போது சக்கர விளிம்பிலிருந்து
கழற்றிப் போடும் ஈயத் துண்டுகளை
சூன் ஹுவாட் எனக்கென்று
ஒரு மைலோ டின்னில் சேர்த்துவைப்பான்.
காக்கி புக்கிட்டிலிருந்து பேருந்தில்
மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
சாப்பாடு என்று நினைத்திருக்கலாம்.

ஞாயிறு காலை. மனைவிக்கு மருத்துவமனையில் முதல் ஷிப்ட்.
சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்தில்
மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு
சின்ன மின்சாரப் பானையில் கொட்டுகிறேன்.
வெகுநேரம் ஒன்றும் நடப்பதில்லை.
பிறகு ஒரு துண்டு ஓரம் தளர்ந்து சரிகிறது,
பிறகு எல்லாமே ஒரு கண்ணாடி,
அதில் முகமூடியோடு நான்.
இரும்புக் கவ்விகள் மட்டும் மிதக்கும்.
ஈயத்தின் கணக்கில் இரும்பு இலேசு.

முதல் அச்சு பதினெட்டு வெள்ளி.
இரண்டு பாதியும் பேசிக்கொள்ளாத சம்பந்திகள்;
நடுவில் ஈயம் கசிந்து
ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு செதில் முளைக்கும்.
அரம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது.
இப்போதிருப்பது நூற்று நாற்பது வெள்ளி, அலுமினியம்,
மூடினால் வெளிச்சம்கூட நுழையாது.
அதுவும் குளிர்ந்திருந்தால் இணங்காது.
முதல் நான்கும் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கி விழும்,
திரும்பப் பானைக்குள்.
ஐந்தாவதிலிருந்துதான் அச்சு மனம் வைக்கும்.
ஒரு சொட்டு வேர்வை உள்ளே விழுந்தால் போதும்,
பானை முகத்தில் துப்பிவிடும்.
நெற்றியில் துண்டு கட்டியிருப்பேன்.

நிறைமதிக்கு உள்ளே வர அனுமதி இல்லை.
கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தி
அந்தப் பக்கம் நின்று எண்ணுவாள்.
கை கழுவி, சட்டை மாற்றி, மறுபடி கை கழுவி
அப்புறம்தான் அவளைத் தூக்குவேன்.

தொடக்கநிலை நான்கு, தமிழ்க் கட்டுரை:
‘விடுமுறை நாளில் என் குடும்பம்.’

*என் அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குண்டு செய்வார்.
அம்மா வருவதற்குள் முடித்துவிடுவார்.
யாரிடமும் சொல்லாதே என்பார்.*

திருமதி ஹமீதா தொலைபேசியில் அழைத்தார்.
ஈரத் தரையில் நடப்பது போல ஒவ்வொரு சொல்லாக வந்தார்.
“நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், சார்?”

பத்தொன்பது வயதில் சுடுதளத்தில்
பைகளைத் தட்டிக் காட்டிக் கத்திய வாசகம்
வாய்வரை வந்துவிட்டது:
தோட்டா இல்லை, வெற்றுக் கூடு இல்லை, ஐயா!

“மீன் பிடிக்க, டீச்சர். தூண்டிலில் கட்ட.
கயிற்றைக் கீழே இழுக்குமே, அது.”

மூச்சுவிட்டது கேட்டது.
பிறகு, நிதானமாக:
“அப்படியென்றால் மனைவிக்கு ஏன் தெரியக் கூடாது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு சொன்னேன்.
அவள் கத்தவில்லை.
காய்ந்து மடித்த துணிகளை எல்லாம்
மறுபடி இயந்திரத்தில் போட்டாள், பள்ளிச் சீருடை உட்பட.
காலையில் பிள்ளையை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள்.
மூன்று நாள்.
அந்த மூன்று நாளும் நான் எதையும் தூக்கவில்லை,
ஆனாலும் தோள் வலித்தது.

ஒன்றுமில்லை என்று வந்தது.
பானை இப்போது சூன் ஹுவாட் கடையின் பின்கட்டில்.
கட்டுரைக்குப் பதினைந்துக்குப் பத்து.
‘குண்டு’ மீது சிவப்பு வட்டம்,
மேலே திருத்தம்: ‘தூண்டில் ஈயம்’.
மூன்றாம் வரியில் பிழை இல்லை.
அதை என் மனைவி இரண்டு முறை
உரக்க வாசித்தாள்.

போன வாரம் பிடோக் படகுத்துறைக்கு
முதல்முறையாக எங்களோடு வந்தாள்.
ஒரு குண்டைக் கேட்டாள்.
டிஷ்யூவில் வைத்துத்தான் வாங்கினாள்,
உள்ளங்கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.
“எவ்வளவு?”
“மூன்று அவுன்ஸ்.”
“இவ்வளவுதானா?” என்றாள்.