உள்ளே என்ன

இன்றைய பில்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
அத்தனையும் உடைய வேண்டும்.
உடைக்கத்தான் எனக்குச் சம்பளம்,
மாசக் கடைசியில், பிடித்தம் போக.

இந்திராநகரில் இரண்டாம் மாடி. கீழே பல் மருத்துவர்.
அவருடைய துளைக்கருவி ஓயும்போதெல்லாம்
என் பெட்டிகள் நொறுங்குவது
படிக்கட்டு வரை கேட்குமாம்.

குதி, மிதி, அடுத்தது.
குல்லாய் போட்ட பையன், பெயர் இன்னும் வைக்கவில்லை,
பிறந்ததிலிருந்து ஒரு பெட்டியையாவது
மூடி திறந்து பார்த்ததில்லை.
ஐந்து துண்டுகள் பறக்கும்.
இரண்டு நொடி. பிறகு இல்லை.
கூட்டிப் பெருக்க ஆள் தேவைப்படாத ஊர்.

அட்டவணையில் ஒரு கட்டம்: உள்ளே என்ன.
காசு என்றால் காசு. இதயம் என்றால் இதயம்.
ஏழில் நாலு காலியாக இருக்க வேண்டும் என்பது
சுப்ரீத்தின் கணக்கு;
எல்லாவற்றிலும் கிடைத்தால் கை சலித்துவிடுமாம்.
அந்த நாலையும் உடைத்துப் பார்த்து
ஒன்றுமில்லை என்று எழுதி
பக்கத்தில் சரி என்று எழுத வேண்டும்.
ஒன்றுமில்லை. சரி.
ஒன்றுமில்லை. சரி.
ஒருநாள் அம்மா போனில் "என்னடி விசேஷம்" என்றபோது
வாய் தானாக அதையே சொன்னது.

சத்தத்துக்காக லியோனல் சிவாஜிநகர் போனான்.
நயாஸ் பாய் கடையில் ஆப்பிள் பெட்டி நாலு,
ஒன்று நாற்பது ரூபாய், வைக்கோல் இலவசம்.
மொட்டைமாடியில் மைக்கை நிறுத்திவிட்டு
ஓங்கி ஓர் உதை.
பெட்டி அப்படியே இருந்தது.
லியோனல் உட்கார்ந்துவிட்டான்.
பதிவானது ஒரு கெட்ட வார்த்தை,
தூரத்தில் ஒரு பருந்து.
நிஜப் பெட்டியில் ஆணி இருக்கும் என்று
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
கடைசியில் அப்பளம் வாங்கி நொறுக்கினோம்,
பொரிக்காதது, இரண்டு கட்டு.
அடியில் ஒரு பென்சில் முறிவதைச் சேர்த்தோம்.
இனி யார் எந்த ஊரில் அந்தப் பெட்டியை மிதித்தாலும்
அப்பளம்தான்.
மரப்பெட்டிகள் மாடியிலேயே கிடக்கின்றன.
ஒன்றில் வாட்ச்மேன் யல்லப்பா உட்காருகிறார்.
ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது.

நாலாவது லெவல், அருவிக்குப் பின்னால்,
இருநூற்றேழாம் பெட்டி உடையவில்லை.
மிதித்தேன். உருண்டு மோதினேன். குண்டு வைத்தேன்.
அப்பளச் சத்தம்கூட இல்லை.
சும்மா ஏறி நின்றேன்.
கேமரா ஒரு சாண் மேலே போனது.
அங்கே, யார் கண்ணும் எட்டாத உயரத்தில்,
ஒரு மொட்டைமாடி. கறுப்புத் தண்ணீர் டேங்க்.
கொடியில் ஒரே ஒரு சட்டை, கட்டம் போட்டது,
கிளிப்பெல்லாம் மாட்டி.
காட்டுக்குள் நடக்கிற ஆட்டம் இது.
வரைந்த மேக்னா மார்ச்சிலேயே வேலையை விட்டுப் போய்விட்டாள்.
ரொம்ப நேரம் பட்டனைத் தொடாவிட்டால்
பையன் தலையைச் சொறிவான்.
சொறிந்தான். நானும்.

ஏழரைக்கு எழுதி அனுப்பினேன்:
பெட்டி 207, உடைய மறுக்கிறது, அவசரமில்லை.
சட்டையைப் பற்றி எழுதவில்லை.
அதைக் கேட்கிற கட்டம் எதுவும் இல்லை.

மெட்ரோவில் இரண்டே ஸ்டேஷன்.
பலகைக்கு ஹலசூரு, எங்களுக்கு அல்சூர்.
கட்டிலுக்கடியில் மூன்று அட்டைப்பெட்டி,
வீடு மாறியபோது கட்டியது, போன வருஷம்,
மேலே என் கையெழுத்தில் 'இதர'.
குனிந்து பார்த்தேன். டேப் பிரியாமல் இருந்தது.
சோறு வைக்கப் போய்விட்டேன்.

காலையில் புது பில்ட்.
சுப்ரீத் ராத்திரியே சரிசெய்துவிட்டான், ஒரு வரிதானாம்.
இருநூற்றேழை மிதித்தேன்.
அப்பளம். ஐந்து துண்டு. இரண்டு நொடி.
ஒன்றுமில்லை. சரி.

நாலைந்து தடவை அதே இடத்தில் எம்பிக் குதித்தேன்.
கேமரா அசையவில்லை.
திரைக்கு ஒரு சாண் மேலே
இந்நேரம் அந்தச் சட்டை காய்ந்திருக்கும்.