ராணி, ஆறு, நாலு

ஜீரோ கேட்டுக்கு இன்னும் நூற்றுப்பன்னிரண்டு வண்டி.
நடந்தே போய் எண்ணி வந்தான் இசக்கி.
அவன் திரும்புவதற்குள் பின்னால் இருபது சேர்ந்துவிட்டது.
என் பெட்டியில் தோல் செருப்பு. கப்பல் கட்-ஆஃப்
நாளைப் பகல் பன்னிரண்டு.
எண்ணூர் ரோட்டில் இது மூன்றாம் ராத்திரி.

டெல்வின் நாகூரான் தோட்டத்துக்காரன்.
கோவாவில், ஆற்றில் மிதக்கும் கசினோவில்,
எட்டு மாதம் சீட்டுப் போட்டவன்.
ஏன் திரும்பினான் என்று சொல்லவில்லை.
இப்போது யார்டில் டேலி கிளார்க்.
"மூணு சீட்டு தெரியும்ல?
அதேதான். ஆனா அது இல்ல" என்று
என் டிரெய்லர் சக்கரத்தை ஒட்டி
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தான்.

காசுக்குப் பதில் உடைந்த கன்டெய்னர் சீல்,
ஆளுக்குப் பத்து.
கட்டில் ஆட்டின் ஒன்பது தொலைந்து
சிகரெட் அட்டையில் பால்பேனாவால் வரைந்திருந்தது.
அது யார் கைக்குப் போனாலும்
மற்றவர்கள் மரியாதையாகக் கடலைப் பார்த்தோம்.

முதலில் ஒரு சீல் வை, சீட்டு வருமுன்பே.
அதற்குப் பெயர் ஆன்ட்டி.
"யாரோட ஆன்ட்டி?" என்றான் இசக்கி.
டெல்வின் சிரிக்கவில்லை.
எட்டு மாதமும் கேட்டிருப்பான்.

உனக்கு மூன்று, வீட்டுக்கு மூன்று.
வீடு என்றால் அவன்.
கை பிடித்தால் இன்னொரு சீல் வை.
பிடிக்கவில்லையா, கவிழ்த்துவிடு; வைத்தது போச்சு.
ஏற்றிக் கேட்பது, இறக்கிக் கேட்பது,
பிளைண்டு, சைடு ஷோ, ஒன்றும் கிடையாது.

கபூர் பாய்க்குத்தான் இது இறங்கவில்லை.
கையில் வெறும் எட்டை வைத்துக்கொண்டு
மணலி யார்டில் இரண்டு டயர் விலையை ஜெயித்த முகம் அது.
அந்த முகத்தோடு டெல்வினை
ஒரு நிமிடம் முறைத்தார். புருவத்தை உயர்த்தினார்.
கெட்ட சிரிப்பு ஒன்று சிரித்தார்.
"பாய், என்னப் பாக்காதீங்க.
நான் பயப்பட முடியாது. ரூல் இல்ல."

பாய் சீலை எண்ணி வைத்துவிட்டு
அத்தோ வாங்கப் போய்விட்டார்.

எனக்கு ராஜா இரண்டு வந்தது, கூட ஒரு ஏழு.
வைத்தேன்.
வீட்டைத் திருப்பினான்: ஜாக்கி, ஐந்து, இரண்டு.
"ராணிக்குக் கீழ வந்தா வீடு ஆடாது."
"அப்போ நான் ஜெயிக்கலயா?"
"ஜெயிச்சே. ஆன்ட்டிக்கு ஒண்ணு.
ரெண்டாவது வச்சத எடுத்துக்க."
ஜோடி ராஜாவை வைத்துக்கொண்டு ஒரு சீல்.
எதிராளி சண்டைக்கே வராமல்
கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.
ஜெயித்தவன்தான் நான்.
அவமானமாக இருந்தது.

கடைசியாக அவன் சொன்ன ஒரே கணக்கு:
ராணி, ஆறு, நாலு.
அதுவோ அதற்கு மேலோ வந்தால் வை,
கீழே வந்தால் எழுந்திரு.
"ஏன் ஆறு? ஏன் நாலு?"
"எவனோ ஒக்காந்து கணக்குப் போட்டிருக்கான்.
தினம் வந்து தோத்தவங்க யாருக்கும் இது தெரியாம இல்ல."

மூணே முக்காலுக்கு முன்னால் எங்கோ
ஒரு ஏர் பிரேக் சீறியது.
ஒன்றுக்குப் பின் ஒன்றாய் இன்ஜின்கள் எழுந்து வர
இசக்கி கல்லை உருவ ஓடினான்.
என் கையைப் பார்த்தேன்.
ராணி. ஆறு. மூன்று.
எழ வேண்டும்.
டீசல், மூன்று நாள் பேட்டா, முதலாளியின் போன்,
எல்லாம் முதலிலேயே வைத்தாகிவிட்டது.

இன்னொரு சீலை வைத்துவிட்டு
ஏணியைப் பிடித்து ஏறினேன்.
வரிசை இரண்டு வண்டி நீளம் நகர்ந்து நின்றது.
கண்ணாடியில் பார்த்தால்
அட்டையின் மேல் குனிந்து டெல்வின்,
வீட்டின் மூன்று சீட்டையும்
காற்று தூக்காதபடி
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு
அப்படியே உட்கார்ந்திருந்தான்.