நான்கு நிமிடம், பன்னிரண்டாவது நொடி

வால்டிவியாவில் மழைக்கு வார விடுமுறை கிடையாது.
பீர் ஆலையில் புட்டி கழுவிவிட்டு
இரவு பதினொன்றுக்கு வீடு வருகிறேன்.
அடுப்பில் ஈர விறகு
எரிவேனா மாட்டேனா என்று புகைகிறது.
ஆற்றங்கரையில் கடல்சிங்கங்கள் கத்துகின்றன,
மீன் சந்தை மூடியது தெரியாமல்.

கணினியில் இரண்டு ஜன்னல்கள்.
ஒன்றில் சாகிறேன்.
மற்றதில் கிடார் கற்கிறேன்.

இரண்டுக்கும் இடது கை ஒன்றுதான்.
விளையாட்டில் அதற்கு நான்கு பொத்தான்கள்:
முன், பின், இடம், வலம்.
எரியும் கிடங்கின் மாடிப்படியைக்
கண்ணை மூடிக்கொண்டே ஏறிவிடும்.
அதே கையைக் கம்பிமேல் வைத்தால்
நேற்றுப் பிறந்த கன்றுக்குட்டி,
எந்தக் கால் எங்கே போகிறதென்று
காலுக்கே தெரியாது.

எஃப் என்றொரு கார்டு.
சுட்டுவிரல் ஆறு கம்பிக்கும் குறுக்கே
பாலம்போல் படுக்க வேண்டும்.
என் பாலத்தில்
இரண்டு கம்பி நடக்கும்,
நான்கு விழும்.

கிடங்குக் காவலனிடம்
அறுபத்தேழு முறை செத்தவன் நான்.
ஒருமுறைகூட வெட்கப்பட்டதில்லை.
செத்தால் என்ன,
புது உடம்பு, முழுத் தோட்டா, அதே வாசல்.
எஃப் பிசகினால் மட்டும்
ஏன் காதுமடல் சுடுகிறது?
முப்பத்தெட்டு வயது. தனி வீடு.
பார்க்க யாருமில்லை.

பெலிசாரியோவும் பார்ப்பதில்லை.
மெந்தோசாவில் ஏதோ ஓர் அறையில்
எப்போதோ பதிவான ஆசிரியர்.
எட்டாம் பாடம்,
நான்கு நிமிடம், பன்னிரண்டாவது நொடி:
புருவம் உயர்த்தி, "அருமை! அப்படித்தான்!"
ஓரளவு வாசித்தாலும் அருமை.
கம்பி அறுந்து கன்னத்தில் அறைந்த அன்றும் அருமை.
ஒருநாள் கிடாரை மடியில் கிடத்திவிட்டு
ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.
அதற்கும் அருமை.

இப்படியொரு மனிதரை என்ன செய்வது?
கோபிக்கவும் முடியாது,
நம்பவும் முடியாது.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
நாங்கள் நால்வர் ஓர் அணி.
நான், ஓசோர்னோவிலிருந்து ஒரியெட்டா என்றொருத்தி,
பெயருக்குப் பதில் எண் வைத்த இருவர்.
அந்த ஆட்டத்தில் செத்தவன்
சுற்று முடியும்வரை செத்தவன்தான்.
நான் முதல் நிமிடத்திலேயே போய்ச்சேர்ந்தேன்.
சும்மா இருப்பானேன் என்று கிடாரை எடுத்தேன்.
மைக் திறந்திருந்தது நினைவில்லை.

திரையில் ஒரியெட்டாவின் சிப்பாய்
ஓடிக்கொண்டிருந்தவள்
ஒரு சுவரோரம் நின்றாள்.
குண்டுமழைக்கு நடுவே
யாரோ எதையோ மெல்லும் சத்தம்.
பிறகு குரல்:
"மூணாவது கம்பி இறங்கியிருக்கு."

கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல்
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
"உங்களத்தான். ஏத்துங்க."
திருகினேன்.
"இன்னும். இன்னும் கொஞ்சம்.
ஐயோ, அதிகம். இறக்குங்க.
ம்… அங்கயே…"
சொல்லி முடிக்குமுன்
பின்னால் வந்தவன் அவளைச் சுட்டான்.

இப்போது செத்தவர்கள் இருவர்.
நேரம் தாராளமாக இருந்தது.

எண் வைத்த இருவரும்
எங்கள் இரு குடும்பத்தின்
ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள்.
தோற்றோம்.
"எங்கே, இப்ப எஃப் போடுங்க" என்றாள்.
போட்டேன்.
மென்றுகொண்டே கேட்டாள்.
"இல்ல. இன்னும் வரல."

அவ்வளவுதான், போய்விட்டாள்.
ஐந்து மாதம் சுருதி கலைந்த கம்பியில்
ஐந்து மாதப் பாராட்டை வாங்கியிருக்கிறேன்.
எழுந்து அடுப்புக்கு
ஒரு விறகு கூடுதலாகப் போட்டேன்.
ஏனென்று தெரியாமல்
சிரிப்பு வந்துகொண்டேயிருந்தது.

மறுநாள் இரவு எட்டாம் பாடம்.
நான்கு நிமிடம், பன்னிரண்டாவது நொடி.
பெலிசாரியோ புருவத்தை உயர்த்தினார்.
"இல்லை ஐயா," என்றேன்,
"இன்னும் வரவில்லை."

அவர் ஒன்பதாம் பாடத்துக்குப் போய்விட்டார்.
நான் போகவில்லை.