பத்துக்குள் ஓர் எண்

"பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள், ஒப்தூலியா."
பிராய்ஸின் கையில் இருக்கிறது என் முழங்கால்,
வாங்குவதா வேண்டாமா என்று
தூக்கிப் பார்க்கும் மீனைப்போல.

எண் அறியாதவள் இல்லை நான்.
அரௌசாவில் கடல் உள்வாங்கும் நேரத்தை
முப்பத்தெட்டு வருடம் நிமிடம் பிசகாமல் சொன்னவள்.
ஒரு கிலோ மட்டிக்கு எத்தனை குனிவு என்பதும் தெரியும்.
இதற்கு எப்படிச் சொல்ல?
நாற்காலியில் இரண்டு.
படிக்கட்டில் ஏழு.
கோயிலில் மண்டியிட நினைத்த உடனே ஒன்பது.
"ஐந்து" என்கிறேன்,
பாவம், எதையாவது எழுதிக்கொள்ளட்டும்.

எலும்புகளுக்கு நடுவே இருந்த மெத்தை தேய்ந்துவிட்டதாம்.
படத்தில் பார்த்தேன்:
வெள்ளையோடு வெள்ளை இடித்துக்கொண்டு,
பேருந்தில் நகர்ந்து உட்காராத
இரண்டு பேர்.
மூட்டை மாற்றலாம், இப்போது வேண்டாம் என்றார் மருத்துவர்.
அதுவரை?

அதுவரை பிராய்ஸ்.
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது கெட்ட கால்.
"நல்லவர்கள் மேலே, கெட்டவர்கள் கீழே. மறக்காது."
இரண்டும் கெட்டதென்றால்?
சிரித்தான். பதில் சொல்லவில்லை.

மண்வாரிக்கு நீளக் காம்பு போட்டாயிற்று.
ஜாடி மூடியைத் திறக்க ரப்பர் கையுறை.
மாத்திரை, கடல் வெகுதூரம் போகும் நாட்களுக்கு மட்டும்.
மழைக்கு முந்தின இரவுகளுக்கு
வெந்நீர்ப் பையும் கொஞ்சம் கெட்ட வார்த்தையும்.

பிறகு அந்த நாற்காலி.
உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில்
கை ஊன்றாமல் எழ வேண்டும், உட்கார வேண்டும்,
பத்து முறை.
ஆறாவதில் நறநறக்கும்,
மணல் போகாத மட்டியைக் கடித்ததுபோல்.
ஏழாவதில் தொப்பென்று விழுவேன்.
கீழ்வீட்டு எலாதியோ
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பான்.

செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் பிடித்துக்கொண்டான்.
"மத்தியானத்தில் மேலே என்ன, நடனமா?"
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் கைப்பிடியைப் பற்றி இறங்கினான்,
இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து,
கெட்ட கால் முதலில்.
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

இன்று கிழங்கு வெந்துவிட்டது.
அடுப்பை அணைத்த பிறகுதான் கேட்டது,
கீழே ஒரு நாற்காலி.
தொப்.
கொஞ்ச நேரம் கழித்து, தொப்.
கரண்டியும் கையுமாக நின்று எண்ணினேன்.
எட்டில் நின்றுபோனான்.

கிழங்கு ஆறுகிறது.
துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துத்
தரையில் ஒரு தட்டு தட்டினேன்.

ஒன்பது.