கேள்வி முப்பத்தொன்று

பாரிட்டோ ஆற்றில் குளோத்தோக் படகு
என் பற்களையும் ஆட்டிக்கொண்டு போனது.
பையில் அறுபத்து நான்கு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை.
இந்த நகராட்சி ஸ்மார்ட் சிட்டிக்குத் தயாரா
இல்லையா,
வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

சுவர் அகலத்துக்கு ஒரு திரை.
பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவில்லை.
"உரித்தால் தூசி படியும்" என்றார் செயலர் ஹைருல்லா.
சர்வர் அறையில் ஏசி மட்டும் ஓடியது.
மேசைக்கடியில் யாருடைய மதிய மீனோ
வாழையிலைப் பொட்டலமாய்க் குளிர்காய்ந்தது.
ஜெனரேட்டர் இணைப்புள்ள ஒரே அறை அதுதானாம்.

கேள்வி முப்பத்தொன்று:
நிகழ்நேரத் தரவு சேகரிக்கப்படுகிறதா?

பாலத்தின் மூன்றாம் தூணில் ஒரு சென்சார்.
இரண்டு வருடமாக ஒரே பதில்:
ஒரு மீட்டர் நாற்பது.
வறட்சியிலும் அதே, வெள்ளத்திலும் அதே.
அத்தனை உறுதி எந்த மேயருக்கும் இருந்ததில்லை.

அதன் கீழே வெள்ளைப் பெயின்டில் கோடுகள்.
பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவின் எழுத்தர் நோர்லைனா
இரவு பத்துக்கும் விடிகாலை மூன்றுக்கும்
டார்ச்சோடு போய்க் குனிந்து பார்த்து
வாட்ஸ்அப் குழுவில் ஓர் எண்ணைப் போடுகிறார்.
ஆயிரத்து நூறு பேர்
அதைப் பார்த்துத்தான் கோழிக்கூண்டை ஏற்றுகிறார்கள்.
யாரும் நியமிக்கவில்லை. படி கிடையாது.
என்னையும் குழுவில் சேர்த்தார்.

"உங்களுக்கு முடியாமல் போனால்?"

போன பெருமழையில் டெங்கு வந்தது.
ஐந்து நாள் எண் வரவில்லை.
எண் வராததால் ஆறும் வராது என்று
தூங்கிவிட்டார்கள்.
எத்தனை வீடு என்று நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்.

இரண்டு என்று எழுதினேன்.
ஹைருல்லா காப்பி வரவழைத்து
மூன்று கேட்டார்.
மூன்று வந்தால் நிதி வருமாம்.
நிதி வந்தால் இன்னொரு திரை வரும் என்பதைக்
காப்பியோடு விழுங்கினேன்.
நல்ல காப்பி.

விடுதியில் எனக்குக் கீழ்த்தளம்.
முடிவுரையில் 'பகுதியளவு தயார்' என்று
தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது
மூன்று மணி ஐந்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
1.92. ஏறுகிறது.

மதிப்பெண்ணை மாற்றவில்லை.
அறையை மாற்றினேன்.
இடுப்பில் மடிக்கணினி, வாயில் அதன் வயர்.
மாடிப்படியில் ஏற்கெனவே ஏழு பேர்,
ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, விடுதியின் கணக்குப் புத்தகம்.
ஒன்றும் பேசாமல் நகர்ந்து இடம்விட்டார்கள்.
உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது,
காலணி கட்டிலடியில்.